ஏஆர்-15 ரைஃபிளில் லைட்: கட்டைவிரலில் தொடங்குங்கள்

கேள்வி இதுதான். அமெரிக்காவில் சட்டப்படி வாங்கிய ஏஆர்-15. 16 அங்குல பேரல் (குழல்), அதைச் சுற்றி 13 அங்குல எம்-லாக் ஹேண்ட்கார்டு (பொருட்களை மாட்டத் துளைகள் உள்ள கைப்பிடி உறை), மேலே ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கி). சுடுபவர் வலதுகைப் பழக்கம் உள்ளவர். இரவில் வீட்டுப் பாதுகாப்புதான் முதல் தேவை. நிலத்தில் இறங்கும் காட்டுப்பன்றி இரண்டாவது. பின்னாளில் சப்ரஸர் (சத்தத்தைக் குறைக்கும் முனைக்குழாய்) போடும் எண்ணமும் இருக்கிறது. எந்த லைட் வாங்குவது, அதை எங்கே மாட்டுவது?

இந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். பலரும் லூமென் (மொத்த ஒளி) எண்ணைப் பார்த்து லைட்டை வாங்குகிறார்கள், கூடவே வந்த மவுண்ட்டில் (பிடிப்பான்) மாட்டுகிறார்கள், பிறகு ஸ்விட்ச் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே கையை நீட்டிப் பழகப் பார்க்கிறார்கள். தூக்கத்தில் எழுந்து பதற்றத்தோடு துப்பாக்கியை எடுக்கும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்காது. கை வழக்கமான இடத்துக்குத்தான் போகும். அதனால் முதலில் கட்டைவிரல், அடுத்து ஸ்விட்ச், அதற்கடுத்து மாட்டும் இடம், கடைசியில் லைட்.

துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவி உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவாருங்கள். அசையாமல் நின்று கண்ணைத் திறந்து, இடது கட்டைவிரலின் நுனி ஹேண்ட்கார்டில் எங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் சின்னதாக ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நின்றபடி நாலைந்து முறை, முட்டி போட்டு நாலைந்து முறை, குளிர்காலக் கோட்டு போடும் ஊர் என்றால் கோட்டோடும் செய்யுங்கள். டேப்புகள் எங்கே நெருக்கமாகச் சேர்கின்றனவோ அதுதான் உங்கள் ஸ்விட்ச் வரவேண்டிய இடம். அங்கிருந்து ரிசீவரின் (துப்பாக்கியின் நடு உடல்) முன்விளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மீதி முடிவுகள் இந்த எண்ணைச் சார்ந்தவை.

இனி ஸ்விட்ச். இரண்டே வகைதான் பேசத்தக்கவை: லைட்டின் பின்முனையிலேயே இருக்கும் டெயில்கேப் பொத்தான், வயர் வழியே தனியாக ஹேண்ட்கார்டில் ஒட்டியோ கவ்வியோ இருக்கும் டேப் ஸ்விட்ச். டெயில்கேப்பில் வயர் கிடையாது, பழுதாகும் பாகம் ஒன்று குறைவு. ஆனால் லைட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதுவும் இருக்கும். டேப் ஸ்விட்ச்சைக் கை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரலாம். அதற்கு விலை, வயர். ரைஃபிள் லைட்டுகளில் முதலில் கெட்டுப்போவது பல்பு அல்ல, எல்இடி அல்ல, இந்த வயரும் அது டெயில்கேப்பில் நுழையும் மூட்டும்தான். வயரில் தொங்கலாக ஒரு வளையம் இருந்தால் அது தோள்வாரான ஸ்லிங்கிலோ கதவுப் பிடியிலோ மாட்டியே தீரும்.

டெயில்கேப் போதுமா என்பதை நீங்கள் அளந்த எண் சொல்லிவிடும். 18650 பேட்டரி போடும் முழு நீள லைட் ஏறக்குறைய 14 செ.மீ. நீளம் இருக்கும். உங்கள் ஹேண்ட்கார்டு 13 அங்குலம், அதாவது 33 செ.மீ. லைட்டின் ஹெட்டை (ஒளி வரும் முன்தலையை) ஹேண்ட்கார்டின் முன்விளிம்போடு ஒட்டி நிறுத்தினால் டெயில்கேப் ரிசீவரிலிருந்து 19 செ.மீ. தள்ளி வரும். பெரும்பாலான கைகளுக்கு இது எட்டும் தூரம்தான். 18350 பேட்டரி போடும் குட்டை லைட் என்றால் உடல் ஏறக்குறைய 3 செ.மீ. குறையும், டெயில்கேப் 22 செ.மீ.க்கு நகர்ந்துவிடும், அப்போது சிலருக்குக் கட்டைவிரலை நீட்ட வேண்டியிருக்கும். அதே கணக்கில் 15 அங்குல ஹேண்ட்கார்டுக்கு முழு நீள லைட்டே 24 செ.மீ. தள்ளிப்போகும், அங்கே டேப் ஸ்விட்ச் இல்லாமல் சரிவராது. 7 அங்குலப் பழைய ஹேண்ட்கார்டில் நேர்மாறு: டெயில்கேப் ரிசீவருக்கு 4 செ.மீ. அருகில் வந்து நிற்கும், இடது கைக்கு இடமே இருக்காது. குட்டை லைட் வாங்கினால் எடை குறையும் என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்த 3 சென்டிமீட்டரைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

எந்த வகையானாலும், அழுத்தினால் எரிந்து விட்டால் அணையும் ஸ்விட்ச்சையே எடுங்கள். அழுத்தினால் எரிந்துகொண்டே இருக்கும் வசதி கூடுதலாக இருந்தால் நல்லது, ஆனால் அது தனி அசைவாக இருக்க வேண்டும்: டெயில்கேப்பைத் திருகுவது, அல்லது பொத்தானை இன்னும் ஆழமாக அமுக்கிக் க்ளிக் செய்வது. டேப் ஸ்விட்ச் எடுப்பவர்களுக்கு என் பரிந்துரை, வயரும் பின்னால் க்ளிக் பொத்தானும் சேர்ந்த இரட்டை டெயில்கேப். ஷ்யூர்ஃபயரின் டிஎஸ்07 இந்த வகை. வயர் அறுந்தாலும் பின்பொத்தான் வேலை செய்யும். ஸ்ட்ரோப், அதாவது படபடவென வெட்டும் ஒளி, ரைஃபிளுக்கு வேண்டாம். எதிரே இருப்பவரைக் குழப்புகிறதோ இல்லையோ, எதிரே இருப்பவர் கையில் இருப்பது என்ன என்று பார்க்க முயலும் உங்களை நிச்சயம் குழப்பும்.

மாட்டும் இடத்தைக் கடிகார முள் கணக்கில் சொல்வது வழக்கம். சுடுபவர் பின்னாலிருந்து பார்க்கும்போது உச்சி 12, வலது பக்கம் 3, அடி 6, இடது 9.

அடிப்பக்கமான 6 மணியை உடனே ஒதுக்கிவிடலாம். மணல் மூட்டையிலோ கட்டையிலோ ரைஃபிளைச் சாய்த்தால் லைட்தான் முதலில் போய் உட்காரும். பைபாட் (இருகால் தாங்கி) மாட்ட இடம் இருக்காது. 9 மணியும் 3 மணியும் பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் சுவர் ஓரங்களில் தொல்லை. லைட் இடது பக்கம் இருக்க, சுவரின் வலது ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் பேரல் வெளியே போனபின்னும் லைட் சுவருக்கு உள்ளேயே இருக்கும். ஸ்விட்ச்சை அழுத்தினால் ஒளி கைக்கெட்டும் தூரத்துச் சுவரில் அடித்து உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். 3 மணியில் வைத்தால் இடது ஓரத்தில் இதே கதை. 9 மணியில் இன்னொன்றும் உண்டு: வலதுகைக்காரரின் ஸ்லிங் பெரும்பாலும் இடது பக்கம்தான் மாட்டப்படும், அது லைட்டின் மேல் விழுந்து மறைக்கும்.

மேலே, நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதுதான் இரண்டு ஓரத்துக்கும் ஒத்துப்போகும். சரியாக 12 மணியில் வைத்தால் ரெட் டாட்டின் வழியே பார்க்கும்போது கீழ்ப்பாதியில் லைட்டின் முதுகு தெரியும், மடக்கும் முன்குறி இருந்தால் அதற்கும் இடம் போய்விடும். ஆகவே 11 மணி அல்லது 1 மணி. டெயில்கேப்பைக் கட்டைவிரலால் அழுத்தும் வலதுகைக்காரருக்கு 11 மணி. கட்டைவிரலை ஹேண்ட்கார்டின் மேலே வளைத்துப் பிடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு 1 மணியும் பொருந்தும், விரல் நுனி அங்கேதான் போய் முடியும். டேப் ஸ்விட்ச் என்றால் லைட் 11-லோ 1-லோ இருக்கட்டும், அதன் அழுத்தும் பேட் மட்டும் 12 மணியில் இருக்க வேண்டும். காரணம், ரைஃபிளை இடது தோளுக்கு மாற்றிப் பிடிக்கும் நிலை வந்தால் வலது கட்டைவிரலும் அதே பேடுக்கு எட்டும்.

இப்போது நிழல். பலரும் துப்பாக்கியில் லைட்டை மாட்டி இருட்டில் முதல் தடவை எரித்த பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். லைட் ஒரு பக்கம் இருந்தால் எதிர்ப்பக்கத்தில் பேரலின் நிழல் வி வடிவத்தில் விரியும். எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஹேண்ட்கார்டை ஒட்டிய மவுண்ட்டில் லைட்டின் மையம் பேரலின் மையத்திலிருந்து சுமார் 4 செ.மீ. தள்ளி இருக்கும். 13 அங்குல ஹேண்ட்கார்டைத் தாண்டி உங்கள் பேரல் 3 அங்குலம் நீள்கிறது, அதோடு முனையில் தீச்சுடரை மறைக்கும் ஃப்ளாஷ் ஹைடர் சேர்ந்தால் மொத்தம் 12 செ.மீ. அதன் பருமனில் பாதியைக் கழித்தால், லைட்டிலிருந்து 12 செ.மீ. முன்னாலும் 3 செ.மீ. பக்கத்திலும் ஒரு தடுப்பு நிற்கிறது. நிழல் மையத்திலிருந்து சுமார் 14 பாகையில் தொடங்கும். 5 மீட்டர் தூரத்தில் அது மையத்திலிருந்து 1.25 மீட்டருக்கு அப்பால். இது தொந்தரவே இல்லை.

சப்ரஸர் போட்டால் கதை மாறுகிறது. ஒன்றரை அங்குலக் குறுக்களவுள்ள சப்ரஸரின் முனை ஹேண்ட்கார்டிலிருந்து 25 செ.மீ. முன்னால் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைட்டின் மையத்துக்கும் சப்ரஸரின் விளிம்புக்கும் இடைவெளி 2 சென்டிமீட்டர்தான். நிழல் 5 பாகையிலேயே தொடங்கிவிடும். 5 மீட்டரில் மையத்திலிருந்து வெறும் 40 செ.மீ. எதிரில் ஒரு ஆள் நின்றால் அவருடைய ஒரு கை நிழலுக்குள் போகும் அளவு. லைட்டை 5 செ.மீ. முன்னே தள்ளும் நீட்டு மவுண்ட் வாங்கினாலும் 6 பாகைக்குத்தான் போகும், பெரிய லாபம் கிடையாது. எனவே நிழலைக் குறைக்கப் பாடுபடுவதைவிட அதை வேண்டாத திசைக்கு அனுப்புவதே புத்திசாலித்தனம். லைட் 9 மணியில் இருந்தால் நிழல் வலது பக்கம் ஆள் உயரத்திலேயே கிடக்கும். 11 மணியில் இருந்தால் கீழ் வலதில், தரையைப் பார்த்து விழும். சப்ரஸர் வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருப்பதால் 11 மணிக்கு இதுவே பெரிய வாதம்.

முன்னே தள்ளுவதற்கு எல்லையும் உண்டு. ஹெட் பேரல் முனையை நெருங்க நெருங்கக் கண்ணாடியில் கரி படியும். சாதாரண ஏ2 ஃப்ளாஷ் ஹைடரின் துளைகள் மேலும் பக்கவாட்டிலும் திறக்கும், அடியில் மூடியிருக்கும். 11 மணியில் இருக்கும் லைட் அந்தப் புகைக்கு நேரே நிற்கிறது. உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக் இன்னும் மோசம், வாயுவைப் பக்கவாட்டில் பீய்ச்சும். பிரேக்கின் துளைகளுக்குக் குறைந்தது 5 செ.மீ. பின்னாலாவது ஹெட்டை நிறுத்துங்கள். உங்கள் விஷயத்தில் ஹெட் ஹேண்ட்கார்டின் முன்விளிம்போடு சமமாக இருந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

இனி லைட்டுக்கு வரலாம். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது லூமென், அதாவது லைட்டிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. ரைஃபிளுக்கு அதைவிட முக்கியமானது கேண்டெலா. ஒளி நடுவில் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதன் அளவு. குழாயில் வரும் தண்ணீரின் அளவு லூமென் என்றால், விரலால் வாயை அடைத்துப் பீய்ச்சும் வேகம் கேண்டெலா. ஷ்யூர்ஃபயரின் எம்600டிஎஃப் 1,500 லூமென், கேண்டெலா சுமார் 16,700. அதே நிறுவனத்தின் எம்640டிஎஃப்டி டர்போ வெறும் 700 லூமென்தான், ஆனால் 1,00,000 கேண்டெலா. எண்ணைப் பார்த்து வாங்குபவர் முதலாவதை இரண்டு மடங்கு நல்லது என்று நினைப்பார். தூரத்தில் பார்த்தால் இரண்டாவது ஆறு மடங்கு பிரகாசம்.

கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த இடத்தில் விழும் ஒளி லக்ஸில் கிடைக்கும். 50 மீட்டரில் 60,000 கேண்டெலா லைட் 24 லக்ஸ் தரும். 11,000 கேண்டெலா லைட் 4.4 லக்ஸ். சுமாரான தெருவிளக்கின் கீழே 10 லக்ஸ் என்று வைத்தால், முதல் லைட்டில் பன்றியா பக்கத்து வீட்டு நாயா என்று தெரியும், இரண்டாவதில் ஏதோ அசைகிறது என்பது மட்டும் தெரியும். பெட்டியில் போட்டிருக்கும் "ஒளி எட்டும் தூரம்" வேறு சங்கதி. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற தரப்படி அது ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் தூரம், அதாவது தெளிந்த வானத்தில் முழு நிலவு தரும் வெளிச்சம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும்: 60,000-க்கு 490 மீட்டர். அடையாளம் காண அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். எரியும் நேரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்தத் தரத்தில், தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் வரையிலான நேரம் முழுவதும் "எரியும் நேரம்"தான். ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தால் ஒன்றரை மணி நேரமும் முழு வெளிச்சம் என்று அர்த்தமாகாது. சூடேறியதும் பல லைட்டுகள் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"வீட்டுக்குள் இவ்வளவு கேண்டெலா கண்ணைக் கூசாதா?" என்பது அடுத்து வரும் கேள்வி. வெள்ளைச் சுவரின் மேல் ஒரு மீட்டர் தூரத்தில் நேராக அடித்தால் கூசும், எந்த நல்ல லைட்டானாலும் கூசும். ஆனால் முனையைத் தாழ்த்தித் தரையில் அடித்தால் திரும்பித் தெறிக்கும் ஒளியிலேயே அறை முழுவதும் தெரியும். அடையாளம் தெரியாத ஆள்மேல் முனையை நீட்டாமல் பார்க்க இதுவே வழி, வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் இதைத்தான் பழக வேண்டும். கேண்டெலா அதிகம் இருப்பதன் பலன் எதிர்வெளிச்சத்தில் தெரியும்: கார் ஹெட்லைட்டுக்குப் பின்னால், வராந்தா விளக்குக்கு அப்பால், கருப்புக் கண்ணாடி ஒட்டிய ஜன்னலுக்குள் பார்க்க செறிவு வேண்டும். குறை என்னவென்றால், டர்போ போன்ற கூரிய ஒளியில் சுற்றொளி குறைவு; அறைக்குள் குழாய் வழியே பார்ப்பதுபோல இருக்கும்.

வீடும் நிலமும் சேர்ந்த உங்கள் தேவைக்கு நடுவாந்திரம்தான் சரி: 1,000 முதல் 1,400 லூமென், 50,000 முதல் 70,000 கேண்டெலா. மோட்லைட்டின் பிஎல்எச்வி2 (1,350 லூமென், 54,000 கேண்டெலா), க்ளவுட் டிஃபென்சிவின் முதல் தலைமுறை ரெய்ன் (1,400 லூமென், 60,000 கேண்டெலா) இரண்டும் இந்த எல்லைக்குள் வரும். வீட்டைவிடப் பன்றிதான் முக்கியம் என்றால் மோட்லைட் ஓகேடபிள்யூ: 680 லூமென், 69,000 கேண்டெலா. இவையெல்லாம் முன்னூறு டாலர் சுற்றுவட்டாரத்தில் நிற்பவை. பாதி விலைக்குள் முடிக்க வேண்டுமென்றால் ஸ்ட்ரீம்லைட்டின் புரோடாக் எச்எல்-எக்ஸ். 1,000 லூமென், சுமார் 27,000 கேண்டெலா. வீட்டுக்கு அது தாராளம். வாங்கியதும் அதன் டென்-டேப் நிரலாக்கத்தில் (பொத்தானைப் பத்து முறை தட்டி அமைப்பை மாற்றுவது) ஸ்ட்ரோபை நீக்கி "ஹை மட்டும்" என்று மாற்றிவிடுங்கள். அதோடு வரும் டேப் ஸ்விட்ச்சின் வயர்தான் அதன் பலவீனம், கவனமாகக் கட்ட வேண்டும்.

செலவைச் சுருக்க, கையில் பிடிக்கும் சாதாரண டார்ச்சை வளைய மவுண்ட்டில் மாட்டுபவர்கள் உண்டு. வேண்டாம். ஒவ்வொரு சுடுதலிலும் பேட்டரி ஸ்பிரிங்கை அமுக்கி எழும். ஒரே ஸ்பிரிங் உள்ள டார்ச்சில் அந்தக் கணத்தில் தொடர்பு அறுந்து லைட் அணையும், அல்லது ஸ்விட்ச்சை யாரோ தட்டியதாக எண்ணி அடுத்த மோடுக்குத் தாவும். இரண்டாவது தோட்டாவுக்கு முன் லைட் மங்கலுக்கு மாறினால் காரணம் இதுதான். ரைஃபிளுக்கென்றே செய்தவற்றில் ஸ்பிரிங்கும் சர்க்யூட்டும் இந்த அதிர்வைத் தாங்கும்படி இருக்கும்.

பேட்டரியில் என் தீர்ப்பு எளிது. மாதக்கணக்கில் பெட்டகத்தில் தூங்கும் துப்பாக்கிக்கு சிஆர்123ஏ. வாராவாரம் எடுக்கும் துப்பாக்கிக்கு 18650. சிஆர்123ஏ 3 வோல்ட் லித்தியம், மறுபடி சார்ஜ் ஆகாது, ஆனால் பத்து வருடம் வைத்திருந்தாலும் பெரும்பகுதி சக்தி இருக்கும், கடுங்குளிரிலும் உழைக்கும். 18650 என்பது 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம், முழு சார்ஜில் 4.2 வோல்ட், வெளிச்சம் கூடும், ஆனால் சும்மா இருந்தாலும் மெல்லக் கரையும். இரண்டையும் ஏற்கும் லைட்டுகள் உண்டு, ஷ்யூர்ஃபயரில் டிஎஃப் என்று முடிபவை அந்த வகை. ஒற்றை 18650-க்காக மட்டும் செய்த ஹெட்டில் இரண்டு சிஆர்123ஏ போட்டால் 6 வோல்ட் ஏறும், சர்க்யூட் கருகலாம். இரண்டு சிஆர்123ஏ போடும்போது இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே வயது. பழையதோடு புதியதைச் சேர்த்தால் புதியது பழையதை எதிர்த்திசையில் தள்ளும், செல் சூடாகி வெடித்துத் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

மாட்டும் வேலையில் அவசரம் வேண்டாம். எம்-லாக்கில் ஸ்க்ரூவின் அடியில் இருக்கும் டி வடிவ நட்டு கால் வட்டம் திரும்பி ஹேண்ட்கார்டின் உள்சுவரைக் கவ்வ வேண்டும். ஸ்க்ரூ இறுகிவிட்டது என்று கைக்குத் தோன்றும், ஆனால் நட்டு திரும்பாமல் துளையிலேயே நேராக நின்றிருக்கும். பத்துத் தோட்டாவில் லைட் கையோடு வந்துவிடும். ஹேண்ட்கார்டின் முன்வாய் வழியாகச் சின்ன டார்ச் அடித்து ஒவ்வொரு நட்டும் குறுக்கே திரும்பியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். அதே சமயம் ஸ்க்ரூவின் நுனி கேஸ் ட்யூபையோ (வாயுவைப் பின்னே கொண்டுபோகும் குழாய்) கேஸ் ப்ளாக்கையோ (பேரலில் அந்தக் குழாய் தொடங்கும் கட்டி) பேரலையோ தொடவில்லை என்பதையும் பாருங்கள். உச்சித் துளைகளில் கேஸ் ட்யூப் மிக அருகில் ஓடும். தொட்டால் குண்டு விழும் இடம் மாறும்.

பிறகு ஸ்க்ரூவைக் கழற்றி, எண்ணெய் போக ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, மரையில் நீல நிற லாக்டைட் 242 ஒரு துளி. சிவப்பு வேண்டாம், கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். முறுக்கு அளவு மவுண்ட் செய்தவர் சொன்னதுதான், இன்ச்-பவுண்டு காட்டும் முறுக்கு ஸ்க்ரூட்ரைவரில் வைத்து இறுக்குங்கள். கைக்கணக்கில் இறுக்கி அலுமினியத்தில் மரையை அழித்தவர்கள் ஏராளம். கடைசியில் ஸ்க்ரூ தலையிலிருந்து மவுண்ட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு உடைந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது. மவுண்ட்டை லைட்டோடு சேர்க்கும் இரண்டு ஸ்க்ரூக்களுக்கும் இதே சிகிச்சை. பெரும்பாலும் மறக்கப்படுவது அவைதான்.

டேப் ஸ்விட்ச்சைப் பசைநாடாவால் ஒட்டாதீர்கள். ஹேண்ட்கார்டின் மேல்பக்கம், குறிப்பாக கேஸ் ப்ளாக்குக்கு மேலே, நன்றாகச் சூடேறும். பசை இளகி பேட் வழுக்கும். ஹேண்ட்கார்டின் மேல்பட்டையான ரெயிலில் கவ்வும் பேட் வாங்குங்கள். வயரை 11-க்கும் 12-க்கும் நடுவே உள்ள பள்ளத்தில் கிடத்தி, 5 செ.மீ.க்கு ஒரு கிளிப். டெயில்கேப் அருகே மட்டும் சிறிதளவு தளர்வு இருக்கட்டும், பேட்டரி மாற்றும்போது திருகவேண்டுமே.

சோதனையும் காலித் துப்பாக்கியில்தான். வெள்ளைச் சுவர், மூன்று நான்கு மீட்டர், விளக்கெல்லாம் அணைத்தபின். ரெட் டாட்டின் புள்ளி ஒளியின் நடுவட்டத்துக்குள் இருக்க வேண்டும். சரியாக மையத்தில் வேண்டியதில்லை, ஆனால் வட்டத்துக்கு வெளியே போனால் மவுண்ட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள், கீழ் வலதில் இருக்கவேண்டும். நின்று, முட்டி போட்டு, இடது தோளுக்கு மாற்றி, கையுறையோடு, ஸ்விட்ச்சைத் தேடாமல் அழுத்த வருகிறதா? தேட வேண்டியிருந்தால் மவுண்ட்டை ஒரு துளை முன்போ பின்போ நகர்த்துங்கள், பிடியை மாற்றாதீர்கள். பிறகு சுடுதளத்தில் ஜீரோவை, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழுகிறதா என்பதைச் சரிபாருங்கள். பேரலைத் தொடாத ஹேண்ட்கார்டில் மாற்றம் இருக்கக்கூடாது. இருந்தால் ஏதோ ஒன்று பேரலைத் தொடுகிறது, அந்த ஸ்க்ரூ நுனியை மறுபடி பாருங்கள்.

துப்பாக்கி லைட்டைத் தேடுவிளக்காகப் பயன்படுத்தும் ஆசை வரும். கொல்லையில் ஏதோ சத்தம் கேட்டதென்று ரைஃபிளை நீட்டி வேலி முழுக்கத் துழாவினால், ஒளி படும் எல்லாவற்றின் மேலும் குண்டு பாயும் முனையும் படுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மேலும்தான். படுக்கையருகே தனியாக ஒரு கை டார்ச் கட்டாயம். வேட்டையில் சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டெக்சஸில் நிலத்துக்காரரின் சம்மதத்தோடு தனியார் நிலத்தில் காட்டுப்பன்றியை இரவில் லைட் வைத்து வேட்டையாடலாம், அதே லைட்டால் மான் வேட்டையாடுவது குற்றம்.

பராமரிப்பு கொஞ்சம்தான். சுடுதளத்துக்குப் போகுமுன் கண்ணாடியின் மேல் லிப் பாமை மெல்லிய படலமாகத் தடவுங்கள், கரி அதன்மேல் படிந்து துணியோடு வந்துவிடும். தடவ மறந்து கரி இறுகிவிட்டால் ஆல்கஹாலும் பஞ்சும், பொறுமையும். கண்ணாடி பிளாஸ்டிக் வகை என்றால் அசிட்டோன் கிட்டேயே போகக்கூடாது, பூத்துப்போகும். துப்பாக்கியை உறையில் போட்டு வண்டியில் எடுத்துச் செல்லும்போது டெயில்கேப்பை அரைச் சுற்று தளர்த்தி ஸ்விட்ச் செத்திருப்பதை அழுத்திப் பாருங்கள். 1,000 லூமென் லைட் உறைக்குள் அமுங்கி எரிந்தால் பேட்டரி தீர்வதோடு நிற்காது, துணி கருகும். வீட்டில் பெட்டகத்தில் வைக்கும்போது மறக்காமல் மறுபடி இறுக்கி, ஒரு நொடி எரித்துப் பார்த்துவிட்டு மூடுங்கள்.